தீவிரவாதிகள் மீது ராணுவ நடவடிக்கை: எது நியாயம்? எது அநியாயம்?

(காரைக்கால், கோட்டுச்சேரி கொம்யூன், வரிச்சிக்குடியில் மஃரிப் தொழுகைக்குப் பின் ஆற்றப்பட்ட உரை. கூட்டத்திற்கு வர இயலாத சகோதரர்களுக்காக எழுத்து வடிவில் தரப்படுகிறது.)

    

இன்றைய தலைப்பை நான் தேர்ந்தெடுக்கவில்லை. இளைஞர்கள் சீட்டில் எழுதித் தந்த கேள்வி இது. 'மதத்தின் பெயரால் உலகமெங்கும் கொலை செய்பவர்களை ராணுவத்தை அனுப்பி அழிப்பது சரியா? சரி என்றால் ஈராக்கையும் ஆப்கானிஸ்தானையும் நாசமாக்கியதும் சரி தானா? தவறு என்றால் அந்தக் கொலைகாரர்களை அப்படியே விட்டு விட வேண்டுமா?'

நல்ல கேள்வி. இதற்கு மேடைகளில் வழக்கமாக இரண்டு பதில்கள் சொல்லப்படுகின்றன. 'எல்லாம் அமெரிக்காவின் சதி, முஸ்லிம்கள் யாரும் எதுவும் செய்யவில்லை' என்பது ஒன்று. 'குண்டு போட்டு மொத்தமாக அழித்து விட வேண்டும்' என்பது மற்றொன்று. முதல் பதிலைச் சொன்னால் நம் கூட்டத்தில் கைதட்டல் கிடைக்கும். இரண்டாவது பதிலைச் சொன்னால் தொலைக்காட்சி விவாதத்தில் நாற்காலி கிடைக்கும். இரண்டுமே கேள்விக்குப் பதில் ஆகாது.

நமக்குத் தெரிந்த ஊரில், நமக்குத் தெரிந்த மொழியில் நடந்ததை வைத்தே இதைப் பார்ப்போம். இங்கிருந்து கடலைத் தாண்டினால் இலங்கை. நம் முன்னோர்களில் எத்தனை பேர் கொழும்பு புறக்கோட்டையில் கடை வைத்திருந்தார்கள்? அவர்கள் பேசுவதும் தமிழ் தான். 'நானா' என்று தான் அவர்களும் அழைக்கிறார்கள்.

காத்தான்குடி தந்த பாடம்

2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயம், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் ஆலயம், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், கொழும்பின் மூன்று பெரிய ஹோட்டல்கள். ஒரே காலை நேரத்தில் மனித வெடிகுண்டுகள் வெடித்தன. 260க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். மட்டக்களப்பில் செத்தவர்களில் ஞாயிறு வகுப்புக்கு வந்த பிள்ளைகளும் இருந்தார்கள். வணக்கத்தலத்தில் இருந்தவனைக் கொன்று விட்டு அதை மார்க்கம் என்று சொன்னார்கள்!

இதற்குத் தலைமை தாங்கிய ஸஹ்ரான் காத்தான்குடியைச் சேர்ந்தவன். தமிழில் பயான் செய்தவன். காத்தான்குடி எப்படிப்பட்ட ஊர் தெரியுமா? 1990 ஆகஸ்ட் 3 அன்று இஷா தொழுகையில் நின்ற நூற்றுக்கும் மேற்பட்டவர்களை இரண்டு பள்ளிவாசல்களில் விடுதலைப் புலிகள் சுட்டுக் கொன்ற ஊர். ஸஃப்பில் நின்ற சிறுவர்களும் அதில் உண்டு. தொழுகையில் சுடப்படுவது என்றால் என்ன என்பதைத் தன் இரத்தத்தால் அறிந்த ஊரிலிருந்து ஒருவன் கிளம்பிப் போய், வழிபாட்டில் இருந்த மற்றவர்களைக் கொன்றான் என்றால் இதை விடக் கேவலம் என்ன இருக்க முடியும்?

ஆனால் அவனுடைய முதல் இலக்கு கிறிஸ்தவர்கள் அல்லர். 2017 மார்ச் 10 அன்று காத்தான்குடி அலியார் சந்தியில் சூஃபி வழியைப் பின்பற்றும் முஸ்லிம்களோடு அவனுடைய ஆட்கள் மோதினார்கள். வாள் தூக்கினார்கள். அதற்குப் பின்பு தான் அவன் தலைமறைவானான். முதலில் தர்காவுக்குப் போகும் முஸ்லிமைக் காஃபிர் என்றான். பிறகு தன் பேச்சைக் கேட்காத முஸ்லிம் எல்லாம் காஃபிர் என்றான். கடைசியில் சர்ச்சுக்குப் போனான். இந்த வரிசையைக் கவனியுங்கள். உலகமெங்கும் இதே வரிசை தான்.

இப்போது கேள்விக்கு வருவோம். ராணுவ நடவடிக்கை தேவைப்பட்டதா? ஆம், ஒரு கட்டத்தில் தேவைப்பட்டது. குண்டு வெடித்த ஐந்தாம் நாள், ஏப்ரல் 26 அன்று, கல்முனைக்குப் பக்கத்தில் சாய்ந்தமருதில் ஒரு வாடகை வீட்டில் அந்தக் கும்பலின் மிச்சம் பதுங்கியிருந்தது. புதிதாக வந்தவர்கள் மீது சந்தேகம் கொண்டு தகவல் கொடுத்தது யார்? அந்தத் தெரு முஸ்லிம்கள்! படை சுற்றி வளைத்தது. உள்ளே இருந்தவர்கள் தங்களைத் தாங்களே வெடிக்க வைத்துக் கொண்டார்கள். 6 குழந்தைகள் உட்பட 15 பேர் செத்தார்கள். ஸஹ்ரானின் தகப்பனும் இரண்டு சகோதரர்களும் அதில் அடக்கம். அந்த வீட்டுக்குள் இருந்த வெடிமருந்து அடுத்து எங்கே போயிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அந்த இரவில் படை அங்கே போனது அநியாயம் என்று சொல்ல எனக்கு நா எழாது.

ஆனால் கதை அந்த இரவில் தொடங்கவில்லையே! காத்தான்குடி முஸ்லிம்கள் 2017லேயே இவனைப் பற்றிப் புகார் கொடுத்தார்கள். 2018 டிசம்பரில் மாவனல்லையில் புத்தர் சிலைகள் உடைக்கப்பட்டன. அதைச் செய்தவர்களைக் கண்டுபிடிக்கப் போலீசுக்கு உதவிய ஒரு முஸ்லிம் சகோதரர் 2019 மார்ச்சில், வீட்டில் தூங்கிக் கொண்டிருந்த போது தலையில் சுடப்பட்டார். 2019 ஜனவரியில் புத்தளம் மாவட்டம் வனாத்தவில்லுவில் ஒரு தென்னந்தோட்டத்தில் சுமார் 100 கிலோ வெடிபொருள் கிடைத்தது. ஏப்ரல் 4 அன்று இந்தியா, பெயரையும் இலக்கையும் சொல்லி எச்சரிக்கை அனுப்பியது. அன்றைய ஜனாதிபதியும் பிரதமரும் தங்களுக்குள் சண்டை போட்டுக் கொண்டிருந்தார்கள். அந்தத் தாள் மேசை மேசையாகச் சுற்றியது. 2023 ஜனவரி 12 அன்று இலங்கை உச்ச நீதிமன்றம், முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய் நஷ்டஈடு தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. காவல்துறைத் தலைவராக இருந்தவரும் உளவுத்துறைத் தலைவராக இருந்தவரும் தலா 7.5 கோடி தர வேண்டும் என்றது.

ஆக, இலங்கையில் குறைவாக இருந்தது ராணுவம் அல்ல. 26 ஆண்டுகள் போர் நடத்திய நாட்டில் ராணுவத்திற்கு என்ன பஞ்சம்? ஒரு புகாரை வாங்கி விசாரிக்கும் போலீஸ்காரர் குறைவாக இருந்தார். சாதாரண விசாரணையால் 2017ல் முடிந்திருக்க வேண்டிய காரியம், 2019ல் துப்பாக்கியிடம் போய்ச் சேர்ந்தது.

அதற்குப் பின் நடந்ததைத் தான் வியாபாரிகளாகிய நீங்கள் காது கொடுத்துக் கேட்க வேண்டும். அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா அந்தக் கொலைகாரர்களின் ஜனாஸாவை ஏற்க மாட்டோம் என்று பகிரங்கமாக அறிவித்தது. எந்தச் சமுதாயமும் இதை விடத் தெளிவாகக் கைகழுவ முடியாது. இருந்தும் என்ன நடந்தது? அவசரகாலச் சட்டம் வந்தது. முகத்திரைக்குத் தடை வந்தது. வீடு வீடாகச் சோதனை நடந்தது. ஒரு பெண் அணிந்திருந்த உடையில் கப்பலின் சுக்கான் சக்கரம் அச்சாகி இருந்தது. அது தர்மச் சக்கரம் என்று சொல்லி அவரைச் சிறையில் அடைத்தார்கள். மே 12, 13 தேதிகளில் குளியாப்பிட்டி, ஹெட்டிப்பொல, மினுவாங்கொடை பகுதிகளில் முஸ்லிம்களின் கடைகளையும் வீடுகளையும் பள்ளிவாசல்களையும் கும்பல்கள் கொளுத்தின. ஊரடங்கு அமலில் இருக்கும் போதே கொளுத்தின! ஒரு முஸ்லிம் வெட்டிக் கொல்லப்பட்டார். 40 வருடமாகக் கட்டிய கடை ஒரு மணி நேரத்தில் சாம்பல். அந்த வியாபாரி ஸஹ்ரானின் முகத்தைக் கூடப் பார்த்திருக்க மாட்டார்.

இன்னொன்றும் கேளுங்கள். அஹ்னாஃப் ஜஸீம் என்ற இளைஞர், ஆசிரியர், தமிழில் கவிதை எழுதுபவர். 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடிக்கப்பட்டார். காரணம் அவருடைய கவிதைப் புத்தகம். அதில் தீவிரவாதம் இருக்கிறதாம்! உண்மையில் ஐ.எஸ். கும்பலைக் கண்டித்து எழுதிய கவிதை அதில் இருந்தது. தமிழ் தெரியாதவர்கள் தமிழ்க் கவிதைக்குப் பொருள் சொன்னால் இப்படித் தான் ஆகும். ஒன்றரை ஆண்டு கழித்து ஜாமீன் கிடைத்தது. 2023 டிசம்பரில் தான் புத்தளம் உயர் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. தீவிரவாதத்தை எதிர்த்து எழுதும் ஒருவனை உள்ளே போட்டு விட்டு, இளைஞர்கள் தீவிரவாதத்தை எதிர்க்கவில்லையே என்று கேட்பது என்ன நியாயம்?

அலி (ரலி) அவர்கள் என்ன செய்தார்கள்?

நம் மார்க்கத்தில் இதற்கு வழிகாட்டல் இல்லையா? ஏன் இல்லை! மதரஸாவில் ஓதியவர்கள் எல்லோருக்கும் தெரிந்த வரலாறு தான். ஆனால் மேடைகளில் ஏனோ சொல்லப்படுவதில்லை.

முஸ்லிம் சமுதாயத்தில் தோன்றிய முதல் தீவிரவாதக் கூட்டம் காரிஜியாக்கள். நெற்றியில் ஸஜ்தா தழும்பு, வாயில் குர்ஆன். 'தீர்ப்பு அல்லாஹ்வுக்கே' என்பது அவர்களின் முழக்கம். அலி (ரலி) அவர்களையே காஃபிர் என்றார்கள். சொல் சத்தியம், அதை வைத்து அவர்கள் நாடுவது அசத்தியம் என்று அலி (ரலி) பதில் சொன்னார்கள். அவர்களிடம் படை இருந்தது. அவர்கள் கலீஃபா. உடனே படையை அனுப்பினார்களா? இல்லை.

முதலில் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களை அனுப்பினார்கள். அவர் தனியாகப் போய் அவர்களின் கூடாரத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் குர்ஆனிலிருந்தே பதில் சொன்னார். ஆயிரக்கணக்கானோர் திருந்தி வந்து விட்டனர். ஒரு ஆலிமின் ஒரு நாள் பேச்சு! எந்தப் படை ஆயிரக்கணக்கானவர்களை உயிரோடு திருப்பிக் கொண்டு வரும்?

மிச்சம் இருந்தவர்களிடம் அலி (ரலி) மூன்று உறுதிகளைக் கொடுத்தார்கள். பள்ளிவாசலுக்கு வருவதைத் தடுக்க மாட்டோம். அரசின் பங்கை நிறுத்த மாட்டோம். நீங்கள் தொடங்காத வரை நாங்கள் போர் தொடுக்க மாட்டோம். தன்னைக் காஃபிர் என்று சொன்னவர்களுக்குக் கொடுத்த உறுதி இது!

எப்போது நிலைமை மாறியது? ஸஹாபியின் மகனான அப்துல்லாஹ் பின் கப்பாப் அவர்களை வழியில் மறித்து அறுத்தார்கள். நிறைமாதக் கர்ப்பிணியான அவருடைய மனைவியையும் கொன்றார்கள். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அதே பயணத்தில், மரத்திலிருந்து விழுந்த பேரீச்சம் பழம் ஒன்றை அவர்களில் ஒருவன் வாயில் போட்ட போது, விலை கொடுக்காமல் தின்பது ஹராம் என்று துப்ப வைத்தார்கள். பேரீச்சம் பழத்தில் பேணுதல், மனித உயிரில் அலட்சியம்! இன்றைக்கும் இவர்களை இந்த அடையாளத்தை வைத்துக் கண்டு கொள்ளலாம்.

அப்போதும் அலி (ரலி), கொன்றவர்களை மட்டும் ஒப்படையுங்கள் என்று தான் கேட்டார்கள். 'நாங்கள் எல்லோரும் தான் கொன்றோம்' என்று அவர்கள் சொன்ன பிறகு தான், ஹிஜ்ரி 38ல் நஹ்ரவான் போர் நடந்தது. போர் முடிந்ததும் காயம்பட்டவர்களை அவரவர் உறவினரிடம் ஒப்படைத்தார்கள். அவர்கள் காஃபிர்களா என்று கேட்கப்பட்ட போது, குஃப்ரிலிருந்து ஓடியவர்கள் தானே அவர்கள், நமக்கெதிராக வரம்பு மீறிய சகோதரர்கள் என்று தான் சொன்னார்கள்.

இத்தோடு முடிந்ததா? இரண்டே ஆண்டுகளில், ரமளானில், சுப்ஹு நேரத்தில், இப்னு முல்ஜம் என்ற காரிஜி அலி (ரலி) அவர்களை விஷம் தோய்ந்த வாளால் வெட்டினான். போரில் ஜெயித்தும் அந்தக் கொள்கை சாகவில்லை. மரணப் படுக்கையில் அவர்கள் செய்த வஸிய்யத் என்ன? அமீருல் முஃமினீன் கொல்லப்பட்டு விட்டார் என்று சொல்லிக் கொண்டு மக்களின் இரத்தத்தில் இறங்கி விடாதீர்கள். என்னைக் கொன்றவனைத் தவிர வேறு யாரும் கொல்லப்படக் கூடாது. அவனையும் சிதைக்காதீர்கள் என்பது தான்.

சகோதரர்களே! குளியாப்பிட்டியில் எரிந்த கடைகளை இந்த வஸிய்யத்திற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பாக்தாத்தில் விழுந்த குண்டுகளையும் வைத்துப் பாருங்கள். எங்கே நியாயம் முடிந்து அநியாயம் தொடங்குகிறது என்பது தெரிந்து விடும்.

பிரான்சில் இருக்கும் நம் பிள்ளைகள்

காரைக்காலில் நின்று கொண்டு இந்தத் தலைப்பைப் பேசும் போது பிரான்சைப் பற்றிப் பேசாமல் போக முடியாது. 1954 நவம்பர் 1ல் பிரெஞ்சுக்காரன் ஆட்சியை ஒப்படைத்து விட்டான். ஆனாலும் பிரெஞ்சுக் குடியுரிமையோடு எத்தனை குடும்பங்கள் இங்கே இருக்கின்றன! பாரிசில் பிள்ளை, இங்கே பென்ஷன். பிரெஞ்சு ராணுவத்தில் பணியாற்றியவர்கள் வீடு காரைக்கால் முழுக்க உண்டு. 2015 நவம்பர் 13 அன்று பாரிசில் 130 பேர் கொல்லப்பட்ட இரவில், இங்கே எத்தனை தாய்மார்கள் தொலைபேசியைக் கையில் வைத்துக் கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருப்பார்கள்! மறு ஆண்டு ஜூலை 14ல் நீஸ் நகரில் லாரி ஏற்றி 86 பேரைக் கொன்றார்களே, அதில் முதலில் பலியானவர் ஒரு முஸ்லிம் தாய்.

அந்தப் பிரான்ஸ் ராணுவம் மாலி நாட்டுக்குப் போன கதை நம் கேள்விக்கு மிகச் சரியான உதாரணம். 2012ல் மாலியின் வடக்குப் பகுதியை ஆயுதக் கும்பல்கள் பிடித்தன. திம்பக்து என்ற பழம்பெரும் இஸ்லாமியக் கல்வி நகரத்தில் இருந்த பெரியார்களின் அடக்கத்தலங்களைக் கடப்பாறையால் இடித்தார்கள். கப்று கட்டுவது கூடுமா கூடாதா என்ற விஷயத்தில் இந்தக் கூட்டத்தில் இருப்பவர்களுக்குள்ளேயே இரண்டு கருத்து இருக்கிறது. இருக்கட்டும்! மஸ்தான் சாஹிப் தர்கா கந்தூரிக்குப் போகிறவரும் இங்கே இருக்கிறார், போகக் கூடாது என்று நோட்டீஸ் கொடுப்பவரும் இருக்கிறார். இருவரும் ஒரே ஸஃப்பில் நின்று தான் இப்போது மஃரிப் தொழுதோம். விவாதம் கிதாபோடு நடக்க வேண்டும், கடப்பாறையோடு நடக்கக் கூடாது.

அந்த நகரத்தின் பழைய கையெழுத்துக் கிதாபுகளை, லட்சக்கணக்கில், பெட்டிகளில் மறைத்துத் தலைநகருக்குக் கடத்திக் காப்பாற்றியவர்கள் யார்? அவ்வூர் முஸ்லிம்கள். 2013 ஜனவரியில் மாலி அரசு கேட்டுக் கொண்டதால் பிரான்ஸ் படை இறங்கியது. அந்த மாத முடிவுக்குள் திம்பக்து மீட்கப்பட்டது. முஸ்லிம்கள் தெருவில் நின்று பிரெஞ்சுக் கொடியை அசைத்து வரவேற்றார்கள். இடித்தவர்களில் ஒருவன் பிடிபட்டு, 2016ல் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக் கொண்டு 9 ஆண்டு தண்டனை பெற்றான். இது வரை நியாயம் தான்.

அங்கேயே நிறுத்தியிருந்தால்? நிறுத்தவில்லை. ஒரு நாட்டில் தொடங்கியது பல நாடுகளுக்குப் பரவியது. மாதங்கள் ஆண்டுகளாயின. 2021 ஜனவரியில் பௌந்தி என்ற கிராமத்தின் அருகே பிரெஞ்சு விமானங்கள் குண்டு போட்டன. அது ஒரு கல்யாணக் கூட்டம், செத்தவர்களில் 19 பேர் பொதுமக்கள் என்று ஐ.நா. விசாரணை சொன்னது. பிரான்ஸ் மறுத்தது. வரவேற்ற அதே மக்கள் வெளியே போ என்று ஊர்வலம் போனார்கள். 2022 ஆகஸ்டில் கடைசிப் பிரெஞ்சு வீரன் மாலியை விட்டு வெளியேறினான். தீவிரவாதிகள் போனார்களா? முன்பை விட அதிக இடங்களில் பரவினார்கள். அந்தக் கும்பல்களுக்கு ஆயுதம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், 2011ல் லிபியாவில் இதே பிரான்சும் நேட்டோவும் குண்டு போட்ட பிறகு திறந்து கிடந்த ஆயுதக் கிடங்குகளிலிருந்து பெருமளவு வந்தது. வைக்கோல் போரில் நெருப்பு வைத்தவனே குடத்தோடு ஓடி வந்தால், தண்ணீரை வேண்டாம் என்று சொல்ல முடியாது. ஆனால் நெருப்பு எப்படி வந்தது என்று கேட்காமலும் இருக்க முடியாது.

ஈராக் இதை விட மோசம். 2003 மார்ச்சில் இல்லாத ஆயுதத்தைத் தேடிப் போனார்கள். போன பின் அந்நாட்டு ராணுவத்தைக் கலைத்து, லட்சக்கணக்கானவர்களைத் துப்பாக்கியோடும் பசியோடும் வீட்டுக்கு அனுப்பினார்கள். 2004ல் அமெரிக்கச் சிறை முகாமில் இருந்து வெளியே வந்த ஒருவன், 2014ல் மோசூல் மிம்பரில் ஏறித் தன்னைக் கலீஃபா என்றான். அவனுடைய கும்பல் செய்ததை நாம் மறைக்கக் கூடாது. 2014 ஆகஸ்ட் 3 அன்று சிஞ்சாரில் யஸீதி மக்களைக் கொன்று, அவர்களின் பெண்களைச் சந்தையில் விற்றார்கள். காத்தான்குடியும் அதே ஆகஸ்ட் 3 தான்! பிழைக்கப் போன 39 இந்தியத் தொழிலாளர்களை மோசூல் அருகே கொன்று புதைத்தார்கள். உலகத்தின் 120க்கும் மேற்பட்ட ஆலிம்கள் 2014 செப்டம்பரில் கையெழுத்திட்டு அவனுக்கு மறுப்புக் கடிதம் எழுதினார்கள். அவன் கேட்கவில்லை. அப்படிப்பட்டவனை எதிர்த்துப் போர் செய்யக் கூடாது என்று எந்த ஆலிம் சொல்ல முடியும்? தரையில் நின்று போர் செய்து செத்தவர்களும் பெரும்பாலும் ஈராக் முஸ்லிம்களும் குர்து முஸ்லிம்களும் தான். ஆனால் 2017 ஜூலையில் மோசூலை மீட்ட போது 9,000 முதல் 11,000 வரை பொதுமக்கள் செத்திருந்தார்கள் என்று அசோசியேட்டட் பிரஸ் கணக்கெடுத்தது. அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, மீட்க வந்தவர்களின் குண்டுகளால் செத்தது. ஒளிந்திருப்பவன் ஒருவன் என்பதற்காகத் தெருவையே தரைமட்டமாக்குவதை அலி (ரலி) அவர்களின் வழிமுறையில் எங்கே கொண்டு போய்ச் சேர்ப்பது?

ஆப்கானிஸ்தானைப் பற்றி நீட்டிப் பேச வேண்டியதில்லை. 2001 அக்டோபரில் யாரை விரட்டினார்களோ, 20 ஆண்டு கழித்து 2021 ஆகஸ்ட் 15ல் அவர்களே காபூலில் வந்து உட்கார்ந்தார்கள்.

நம் நாட்டையும் சொல்லி விடுகிறேன். 2025 ஏப்ரல் 22 அன்று பஹல்காமில் மதத்தைக் கேட்டு 26 பேரைச் சுட்டார்கள். பயணிகளைக் காப்பாற்றப் போன ஒரு காஷ்மீரி முஸ்லிம் குதிரைக்காரரும் அதில் ஒருவர். மே 7ல் இந்திய ராணுவம் எல்லை தாண்டித் தீவிரவாத முகாம்களைத் தாக்கியது. மே 10ல் சண்டை நின்றது. தன் குடிமக்களைக் கொன்றவர்களை ஒரு நாடு தேடிப் போவது அதன் கடமை. அதில் நமக்குத் தயக்கம் எதற்கு? ஆனால் அதே வாரங்களில் பஞ்சாபிலும் டேராடூனிலும் படித்துக் கொண்டிருந்த காஷ்மீரி மாணவர்களை மிரட்டினார்களே, அது ராணுவ நடவடிக்கையும் அல்ல, தேசபக்தியும் அல்ல.

இளைஞர்களுக்கும் வியாபாரிகளுக்கும்

'இதெல்லாம் ஆட்சியாளர்களுக்குச் சொல்ல வேண்டியது, எங்களுக்கு ஏன் சொல்கிறீர்கள்' என்று கேட்பீர்கள். ராணுவம் வருவதற்கு முந்தைய கட்டம் நம் கையில் இருக்கிறது என்பதால் சொல்கிறேன்.

இப்னு அப்பாஸ் (ரலி) செய்த வேலையை இன்றைக்கு யார் செய்கிறார்கள்? ஒரு பையன் இரவு ஒரு மணிக்குக் கைபேசியில் காஸா பிள்ளைகளின் உடல்களைப் பார்க்கிறான். அவன் இரத்தம் கொதிக்கிறது. கொதிக்கத் தான் வேண்டும். காலையில் பள்ளிக்கு வந்து ஹஜ்ரத்திடம் கேட்டால், 'அரசியல் பேசாதே தம்பி' என்று வாயை அடைக்கிறார்கள். அவன் மறுபடியும் கைபேசிக்குப் போகிறான். அங்கே அவனுக்காக ஒருவன் காத்திருக்கிறான். ஸஹ்ரான் அப்படித் தான் ஆள் சேர்த்தான். 2018 மார்ச்சில் திகனையில் முஸ்லிம்களின் வீடுகளை இனவாதிகள் எரித்தது உண்மை. உண்மையான காயத்தைக் காட்டிப் பொய்யான மருந்தை விற்றான்.

கோவையை மறந்து விட்டோமா? 1997 நவம்பர் கடைசியில் ஒரு போக்குவரத்துக் காவலர் கொல்லப்பட்டார். அதைத் தொடர்ந்த கலவரத்திலும் துப்பாக்கிச் சூட்டிலும் 18 முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். கடைகள் சூறையாடப்பட்டன. அது அநியாயம். 1998 பிப்ரவரி 14ல் அதற்குப் பழி என்று குண்டு வைத்து 58 பேரைக் கொன்றார்கள். அது அதை விடப் பெரிய அநியாயம். செத்த 58 பேரில் நவம்பரில் துப்பாக்கி பிடித்தவன் எத்தனை பேர்? உக்கடத்திலும் கோட்டைமேட்டிலும் எத்தனை வருடம் முஸ்லிம் பெயரைச் சொல்லி வாடகை வீடு கூடக் கிடைக்கவில்லை என்பதைக் கோவை வியாபாரிகளிடம் கேட்டுப் பாருங்கள். 2022 அக்டோபர் 23ல் அதே கோட்டைமேட்டில், ஈஸ்வரன் கோவில் முன்பு கார் வெடித்து, அதை ஓட்டி வந்தவனே செத்தான். 24 ஆண்டு கழித்தும் ஒருவன் அந்த வழியைத் தேடிப் போனான் என்றால், நம் மிம்பர்கள் இடையில் என்ன பேசிக் கொண்டிருந்தன?

வியாபாரிகளே! ஈஸ்டர் குண்டுவெடிப்பில் இருவர், கொழும்பின் பெரும் மசாலா வியாபாரி ஒருவரின் மகன்கள். ஏழ்மையால் போனவர்கள் அல்லர். அவர்களில் ஒருவருக்குச் சொந்தமாகச் செம்புத் தொழிற்சாலை இருந்தது. பெரிய வீடு, பெரிய கார். பிள்ளை ஐந்து வேளையும் தொழுகிறான், தாடி வைத்திருக்கிறான் என்று தகப்பன்மார்கள் சந்தோஷப்படுகிறோம். சந்தோஷப்படுங்கள். ஆனால் அவன் யாரோடு உட்காருகிறான், கடைப் பணம் எங்கே போகிறது, உம்மாவிடமும் வாப்பாவிடமும் ஏன் பேச்சை நிறுத்தினான், பக்கத்து வீட்டு இந்துச் சகோதரரின் கல்யாணத்திற்கு ஏன் வர மறுக்கிறான் என்பதையும் கேளுங்கள். 'அகதிகளுக்கு நிதி' என்று கடைக்கு வருகிறவரிடம் ரசீது கேளுங்கள். எந்த வங்கிக் கணக்கு, யார் பெயரில் என்று கேளுங்கள். முகம் சுளித்தால் கொடுக்க வேண்டாம். உங்கள் ஸதகாவுக்கு நம் தெருவிலேயே ஏழைகள் இருக்கிறார்கள்.

ஒரு சகோதரர் என்னிடம் கேட்டார்: 'நானா, சந்தேகம் வந்து போலீசிடம் சொன்னால், அவர்கள் பத்து அப்பாவிகளைச் சேர்த்துப் பிடித்துக் கொண்டு போவார்களே?' நியாயமான பயம். 2019 ஜூலையில் பக்கத்து நாகப்பட்டினத்தில் என்.ஐ.ஏ. சோதனை நடந்த போது, சம்பந்தமே இல்லாதவர்கள் கூட வெளியூர்ப் பயணத்திற்கு அஞ்சினார்கள். கைது செய்யப்பட்டவன் எல்லாம் குற்றவாளி அல்ல. குற்றம் சாட்டப்பட்டவன் எல்லாம் அப்பாவியும் அல்ல. அதற்குத் தான் நீதிமன்றம் இருக்கிறது. எனவே ஜமாஅத் இரண்டு வேலையையும் செய்ய வேண்டும். வெறும் பேச்சாக இருந்தால், அந்தப் பையனை விரட்டாமல் உட்கார வைத்து, படித்த ஆலிமைக் கொண்டு பேச வேண்டும். பேச்சு தாண்டி ஆயுதம், வெடிமருந்து என்று தெரிந்தால் ஒரு இரவு கூடத் தாமதிக்கக் கூடாது. சாய்ந்தமருது மக்களைப் போல உடனே தகவல் கொடுக்க வேண்டும். அதே நேரம் அப்பாவி ஒருவன் பிடிக்கப்பட்டால், அந்தக் குடும்பத்தை ஒதுக்கி வைக்காமல், வக்கீலை அழைத்துக் கொண்டு ஜமாஅத் நிர்வாகிகள் காவல் நிலையத்திற்குப் போக வேண்டும். நாம் போகா விட்டால் அந்த வீட்டுக்கு வேறு யாரோ போவார்கள், பணத்தோடும் பழிவாங்கும் பேச்சோடும்.

இவ்வூர் நிர்வாகிகளிடம் ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். வெள்ளிதோறும் இஷாவுக்குப் பின் ஒரு மணி நேரத்தை இளைஞர்களின் கேள்விகளுக்காக ஒதுக்குங்கள். காஸா, காஷ்மீர், ஜிஹாத் என்று எதை வேண்டுமானாலும் கேட்கட்டும். கேட்பவன் பெயரைக் குறிக்காதீர்கள். ஹவுளுக்குப் பக்கத்தில் ஒரு பெட்டியை வைத்து, சீட்டை அதில் போடச் சொன்னாலே போதும். வருகிற வெள்ளி முதல் சீட்டுக்குப் பதில் சொல்ல நான் வருகிறேன், இன்ஷா அல்லாஹ்.